டெர்மினலில் படம் வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

கூந்தன்குளத்திலும் சுற்றியுள்ள குளங்களிலும் எடுத்த பறவைப் படங்கள் பாளையங்கோட்டையில் ஒரு சர்வரில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து, இனம் பிரித்து, பெயர் போடுகிற நண்பர்கள் நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி, களக்காடு என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பழைய மடிக்கணினி, போன் ஹாட்ஸ்பாட், அவ்வளவுதான் வசதி. ஒவ்வொரு படத்தையும் முழுசாக இறக்கிப் பார்க்க அந்த இணைப்பு தாங்காது. எஸ்எஸ்ஹெச், அதாவது தூரத்துச் சர்வருக்குள் நுழையும் கருவி வழியாக உள்ளே வந்து, கட்டளை தட்டும் திரையான டெர்மினலுக்குள்ளேயே படத்தைப் பார்ப்பதுதான் சரிப்பட்டு வருகிறது. அது ஓடாதபோது எனக்குப் போன் வரும். அப்படி அடிக்கடி வருகிற புகார்களையும் அவற்றைச் சரிசெய்யும் விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலவே உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஹைபன் என்றால் சிறு கோடு.

எந்தப் புகாராக இருந்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள். படம் மூன்று கை மாறி வருகிறது. சர்வரில் ஒரு கருவி படத்தைக் குறியீடாக மாற்றுகிறது. எஸ்எஸ்ஹெச்சும், இணைப்பு அறுந்தாலும் வேலையைக் காக்கும் டிமக்ஸும் அதைக் கடத்துகின்றன. கடைசியில் உங்கள் மடிக்கணினியில் திறந்திருக்கும் டெர்மினல் அதைப் புரிந்துகொண்டு வரைகிறது. மணிமுத்தாறு தண்ணீர் கூந்தன்குளம் வந்து சேரவில்லை என்றால் உடனே அணையைக் குறை சொல்லமாட்டோம், கால்வாயில் எந்த மடை அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவோம். இதுவும் அப்படித்தான். பெரும்பாலானவர்கள் முதல் கையிலேயே நின்று கருவி மாற்றிக் கருவி நிறுவிக்கொண்டிருக்கிறார்கள். தடங்கல் அநேகமாக மூன்றாவது கையில், அதாவது டெர்மினலில் இருக்கும். அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

டெர்மினலிடமே கேளுங்கள்

டிமக்ஸுக்குள் இருந்தால் முதலில் வெளியே வாருங்கள். பிறகு இதைத் தட்டுங்கள்: பிரிண்ட்எஃப், இடைவெளி, ஒற்றை மேற்கோள், பின்சாய்கோடு, 033, இடப்பக்கச் சதுர அடைப்பு, சி, ஒற்றை மேற்கோள். எண்டர் அடித்ததும் 62;4;22 என்பது போல எண்கள் வந்து விழும். அரைப்புள்ளிகளுக்கு நடுவே தனியாக 4 இருந்தால் உங்கள் டெர்மினலுக்கு சிக்ஸல் என்ற படம் காட்டும் முறை தெரியும். 64 இருந்தால் அது வேறு, தனி 4 வேண்டும். அந்த எண்கள் நீங்களே தட்டியதுபோலக் கட்டளை வரியில் கிடக்கும். எண்டர் அடிக்காமல் அழித்துவிடுங்கள்.

சிக்ஸல் என்பது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் தன் அச்சுப்பொறிகளுக்கு உருவாக்கிய முறை. பிறகு அது அவர்களுடைய டெர்மினல்களுக்கும் வந்தது. 1987இல் வந்த விடி340இல் 16 நிறம் காட்டியது. செங்குத்தாக ஆறு புள்ளிகளை ஒரே எழுத்தில் அடக்குவார்கள். ஆறு புள்ளிக்கு 64 விதச் சேர்க்கை, அதனால் 64 எழுத்து போதும். இவ்வளவு பழைய முறைதான் இன்றைக்கும் அதிக டெர்மினல்களில் ஓடுகிறது.

இன்னும் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று கிட்டி முறை. கிட்டி டெர்மினலை எழுதிய கோவித் கோயல் வகுத்தது. தமிழ் மின்னூல் செய்கிறவர்கள் தினமும் தொடுகிற காலிபரும் அவர் எழுதியதுதான். மற்றொன்று மேக் கணினியின் ஐடெர்ம்2 கொண்டுவந்த முறை. மூன்றும் ஒன்றுக்கொன்று புரியாத மூன்று பாஷை. எது எந்த டெர்மினலில் ஓடும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஃபுட், எம்எல்டெர்ம் இரண்டும் சிக்ஸல் பேசும். விண்டோஸ் டெர்மினல் 1.22 பதிப்பிலிருந்து சிக்ஸல் பேசும். கான்சோல் 22.04இலிருந்து சிக்ஸல் உண்டு, மற்ற இரண்டும் ஓரளவு வரும். வெஸ்டெர்ம் மூன்றையும் பேசும், அதனால் புதிதாக நிறுவுகிறவர்களுக்கு நான் அதையே சொல்கிறேன். கிட்டியும் கோஸ்டியும் கிட்டி முறையை மட்டும் பேசும், சிக்ஸல் கிடையாது. அலக்ரிட்டி, புட்டி இரண்டிலும் மூன்றும் இல்லை. க்னோம் டெர்மினலில் சிக்ஸல் பெரும்பாலான விநியோகங்களில் அடைத்தே வருகிறது.

உங்கள் டெர்மினல் இந்தப் பட்டியலின் கடைசியில் இருந்தால் கருவியை மாற்றிப் பயனில்லை. டெர்மினலை மாற்றுங்கள், இல்லையென்றால் கட்ட எழுத்துகளோடு வேலையை ஓட்டுங்கள். அதற்கும் கீழே வழி இருக்கிறது.

"அண்ணாச்சி, ஸ்க்ரீன் பூரா எழுத்தா கொட்டுது"

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சி. கொட்டுவது நின்றதும் ரீசெட் என்று தட்டி எண்டர். தட்டுகிற எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தட்டுங்கள், உள்ளே போய்ச் சேரும். திரை பழைய நிலைக்கு வந்துவிடும். சர்வருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பயப்பட வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: படக் குறியீட்டின் தலைப்பில் ஒரு எஸ்கேப் குறி இருக்கும். அதைப் பார்த்துத்தான் டெர்மினல் "இது எழுத்தல்ல, படம்" என்று தெரிந்துகொள்ளும். வழியில் யாராவது அந்தத் தலைப்பைக் கத்தரித்துவிட்டால் மீதி எல்லாம் வெறும் எழுத்தாகக் கொட்டும். பழைய ஸ்க்ரீன் என்ற கருவிக்குள்ளிருந்து படம் பார்த்தால் இப்படி ஆகும். அதிலிருந்து வெளியே வந்து முயலுங்கள். அதே கட்டளை வெளியே ஓடினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

இன்னொரு காரணம் எளிது. படத்தைக் கருவி வழியாகப் பார்க்காமல், கோப்பில் இருப்பதை அப்படியே கொட்டும் கேட் கட்டளையால் நேரே திறந்திருப்பீர்கள். படத்தை டெர்மினலில் காட்டும் கருவி சாஃபா. சாஃபா என்று தட்டி, இடைவெளி விட்டு, படத்தின் பெயரைக் கொடுங்கள். டெபியன், உபுண்டு சர்வர்களில் ஏபிடி வழியாகவே சாஃபாவை நிறுவலாம்.

"ஒண்ணுமே வரலை, பிராம்ப்ட் மட்டும் நிக்கு"

டெர்மினலுக்குத் தெரியாத பாஷையில் கருவி பேசியிருக்கிறது. நல்ல டெர்மினல்கள் புரியாத குறியீட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், பிழைச் செய்தி வராது. கிட்டிக்குள் இருந்துகொண்டு சிக்ஸல் அனுப்பினால் இதுதான் நடக்கும்.

கருவியிடம் பாஷையைச் சொல்லிக் கொடுங்கள். சாஃபாவில் ஹைபன் எஃப், இடைவெளி, அதன் பிறகு சிக்ஸல்ஸ், கிட்டி, ஐடெர்ம், சிம்பல்ஸ் ஆகிய நான்கில் ஒன்று. நான்கையும் வரிசையாக ஓடவிட்டுப் பாருங்கள். எதில் படம் வருகிறதோ அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சிம்பல்ஸில்கூட வரவில்லை என்றால் குறை டெர்மினலில் இல்லை, படத்தில் இருக்கிறது. ஃபைல் என்ற கட்டளையைப் படத்தின் பெயரோடு கொடுத்தால் அது உண்மையில் என்ன வகை என்று சொல்லும். ஜேபெக் என்று பெயர் வைத்த கோப்புக்குள் ஹெச்டிஎம்எல் பக்கம் இருப்பதுண்டு, இறக்கும்போது படத்துக்குப் பதிலாகப் பிழைப் பக்கம் வந்து சேமிக்கப்பட்டிருக்கும். ஐபோனிலிருந்து வரும் ஹெயிக் படங்களைச் சில கருவிகள் திறக்காது. படத்தை மாற்றும் கருவியான இமேஜ்மேஜிக் கொண்டு ஜேபெக்காக மாற்றிவிடுங்கள்.

கிட்டியின் சொந்தக் கருவியான கிட்டன் ஐகேட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. படத்தின் இருப்பிடத்தை மட்டும் டெர்மினலுக்குச் சொல்லி, டெர்மினலே போய் எடுத்துக்கொள்கிற வழி அந்த முறையில் உண்டு. ஒரே கணினி என்றால் அது வேகம். சர்வர் பாளையங்கோட்டையிலும் டெர்மினல் களக்காட்டிலும் இருந்தால் அந்த இடத்தில் கோப்பு இருக்காது. டிரான்ஸ்ஃபர்-மோட் என்ற விருப்பத்தை ஸ்ட்ரீம் என்று வைத்தால் படமே இணைப்பு வழியாக வரும்.

"டிமக்ஸுக்குள்ள போனா படம் போயிருது"

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிக்னல் அறுந்தாலும் வேலை அறுந்துவிடாமல் காப்பது டிமக்ஸ்தான், எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் யாரும் வேலை பார்க்க முடியாது. ஆனால் படத்துக்குப் பெரிய தடையும் அதுவே.

டிமக்ஸ் வெறும் குழாய் இல்லை. தனக்குள் ஒரு முழு டெர்மினலை நடத்துகிறது. உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் படித்து, புரிந்ததை மட்டும் வெளியே திரும்ப வரைகிறது. படக் குறியீடு அதற்குப் புரியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். மேலே சொன்ன 4 சோதனையை வெளியே வந்து செய்யச் சொன்னதும் இதனால்தான். உள்ளே கேட்டால் பதில் சொல்வது டிமக்ஸ், உங்கள் டெர்மினல் அல்ல.

வழி இரண்டு. முதலாவது, டிமக்ஸ் 3.4 பதிப்பிலிருந்து சிக்ஸலைத் தானே புரிந்துகொள்கிறது, ஆனால் தொகுக்கும்போது அந்த வசதியை இயக்கியிருக்க வேண்டும். டிமக்ஸ், இடைவெளி, ஹைபன், பெரிய வி என்று தட்டிப் பதிப்பைப் பாருங்கள். படம் வர வேண்டிய இடத்தில் கூட்டல் குறிகளால் நிரம்பிய கட்டமும் சிக்ஸல் இமேஜ் என்ற சொல்லும் வந்தால் அது நல்ல செய்தி. டிமக்ஸுக்குப் படம் புரிந்துவிட்டது, வெளியே உள்ள டெர்மினலுக்கு சிக்ஸல் தெரியாது என்று அது நினைக்கிறது. டெர்மினலுக்குத் தெரியும் என்று உங்களுக்கு உறுதி இருந்தால், டிமக்ஸ் அமைப்புக் கோப்பில் டெர்மினல்-ஃபீச்சர்ஸ் என்ற வரியில் சிக்ஸலைச் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, "உனக்குப் புரியாததை அப்படியே வெளியே விடு" என்று சொல்வது. 3.3 பதிப்பிலிருந்து இதற்கு அலௌ-பாஸ்த்ரூ என்ற அமைப்பு இருக்கிறது, வழக்கமாக அடைத்தே இருக்கும். அமைப்புக் கோப்பில் செட், இடைவெளி, ஹைபன் ஜி, இடைவெளி, அலௌ-பாஸ்த்ரூ, இடைவெளி, ஆன் என்று எழுதுங்கள். த்ரூ என்பதை முழு எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும். இது பாதிதான். கருவியும் தன் குறியீட்டை டிமக்ஸ் உறைக்குள் போட்டு அனுப்ப வேண்டும். சாஃபாவில் ஹைபன் ஹைபன் பாஸ்த்ரூ என்ற விருப்பத்துக்கு டிமக்ஸ் என்று மதிப்புக் கொடுங்கள்.

இந்த இரண்டாவது வழியில் ஒரு குறை உண்டு. படம் இருக்கிறது என்பதே டிமக்ஸுக்குத் தெரியாது. பக்கத்துப் பலகைக்கு மாறினால் படம் அங்கேயும் ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது நகர்த்தியதும் பாதி அழியும். கிட்டியிலும் கோஸ்டியிலும் இதற்கு நல்ல தீர்வு வந்திருக்கிறது. கிட்டன் ஐகேட்டில் யூனிகோட்-பிளேஸ்ஹோல்டர் என்ற விருப்பத்தைப் போட்டால், படத்துக்குப் பதிலாகச் சிறப்பு எழுத்துகள் டிமக்ஸில் உட்காரும். டிமக்ஸ் அவற்றைச் சாதாரண எழுத்தாக நினைத்து நகர்த்தும், அழிக்கும். அந்த எழுத்து இருக்கும் இடத்தில் கிட்டி படத்தை வரையும். கிட்டி பயன்படுத்துகிறவர்கள் வேறெதையும் தேடாமல் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் வேண்டாம் என்றால், கன்ட்ரோல் பி, அடுத்து டி. வெளியே வந்து படத்தைப் பார்த்துவிட்டு டிமக்ஸ் அட்டாச் என்று திரும்ப உள்ளே போங்கள். அவசரத்துக்கு நான் சொல்வது இதைத்தான்.

"படம் வருது, ஆனா கட்டங்கட்டமா இருக்கு"

கருவிக்குப் படப் பாஷை எதுவும் கிடைக்கவில்லை, அதனால் ▀ போன்ற கட்ட எழுத்துகளால் வரைந்திருக்கிறது. ஓர் எழுத்து இடத்தில் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். 80 பத்தி, 24 வரி உள்ள டெர்மினலில் மொத்தம் 80க்கு 48 புள்ளிதான் கிடைக்கும். அதே இடத்தில் ஓர் எழுத்து 10க்கு 20 புள்ளி என்றால் சிக்ஸலில் 800க்கு 480 புள்ளி.

இந்த வித்தியாசம் எங்கள் வேலையில் பெரியது. நத்தைகுத்தி நாரையை அதன் அலகு நடுவே உள்ள இடைவெளியை வைத்து அடையாளம் காண்போம். 80க்கு 48இல் தலையே இரண்டு மூன்று புள்ளிதான் வரும், இடைவெளியை எங்கே தேடுவது? குளத்துப் படமா, கரைப் படமா, பறவை இருக்கிறதா இல்லையா என்று பிரிக்கக் கட்ட எழுத்து தாராளமாகப் போதும். இனம் சொல்ல அதை நம்பாதீர்கள். போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலி வழியாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

உங்கள் டெர்மினல் சிக்ஸல் பேசியும் கட்டமே வந்தால், ஹைபன் எஃப் கொடுத்து வற்புறுத்துங்கள். கட்டத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் சர்வரில் லோக்கேல் என்று தட்டிப் பாருங்கள், யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். வரிகளுக்கு நடுவே கோடு கோடாக இடைவெளி தெரிந்தால் டெர்மினல் அமைப்பில் வரி இடைவெளியை 1 ஆக்குங்கள்.

"கலர் சரியில்லை, சேறு மாதிரி இருக்கு"

கட்ட எழுத்தில் இப்படி வந்தால் கலர்டெர்ம் என்ற சூழல் மாறி சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. எஸ்எஸ்ஹெச் எல்லா மாறிகளையும் கடத்தாது. டெர்மினலுக்கு முழு வண்ணம் தெரியுமா என்று கருவிக்குத் தெரியாததால் அது குறைந்த நிறத்தோடு வரைகிறது. சாஃபாவில் ஹைபன் சி, இடைவெளி, ஃபுல் என்று கொடுங்கள்.

எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் சிக்ஸல் பார்த்து இப்படி வந்தால் காரணம் வேறு. சிக்ஸலுக்காக அதை விடி340 என்ற அடையாளத்தோடு திறந்திருப்பீர்கள். அந்த அடையாளத்துக்கு ஏற்ப 16 நிறத்தோடு நின்றுவிடும். எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில் நம், கலர், ரெஜிஸ்டர்ஸ் மூன்றையும் ஒட்டி எழுதி 256 என்று வையுங்கள். கலரும் ரெஜிஸ்டர்ஸும் பெரிய எழுத்தில் தொடங்கும், கலரில் யூ கிடையாது. சங்குவளை நாரையின் பின்பக்கச் சிறகில் உள்ள இளஞ்சிவப்பு 16 நிறத்தில் மறைந்தே போகும், இந்த ஒரு வரியால் திரும்ப வரும்.

"ஒரு படத்துக்கு ரொம்ப நேரம் இழுக்கு"

4000க்கு 3000 புள்ளி உள்ள ஜேபெக் படத்தைப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 3.6 கோடி பைட். அதை எழுத்தாக மாற்றி அனுப்ப இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். உங்கள் டெர்மினலில் தெரியப்போவதோ 800 புள்ளி அகலம். அதனால் சர்வரிலேயே சுருக்கிவிட்டு அனுப்புங்கள். இமேஜ்மேஜிக்கின் கன்வர்ட் கட்டளையில், புதிய பதிப்பில் மேஜிக் என்பார்கள், ஹைபன் ரீசைஸ் கொடுத்து 800க்கு 800 என்று வைத்தால் உருவம் கெடாமல் அந்த அளவுக்குள் அடங்கும். எல்லாப் படத்துக்கும் சிறு பிரதி ஒரு தனி அடைவில் செய்து வைத்தது எங்கள் வேலையை மிகவும் எளிதாக்கியது.

எந்தப் பாஷை மெல்லிய இணைப்புக்கு நல்லது என்பதும் முக்கியம். சிக்ஸலில் ஒவ்வோர் ஆறு வரிப் பட்டைக்கும் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். இலையும் தண்ணீரும் நிறைந்த புகைப்படம் அதில் ஊதிப் பெருக்கும். எஸ்எஸ்ஹெச்சில் ஹைபன், பெரிய சி போட்டுச் சுருக்கத்தை இயக்கினால் நன்றாகக் குறையும். கிட்டி முறை பிஎன்ஜி படத்தை ஏற்கும், ஜேபெக்கை நேரே ஏற்காது. ஐடெர்ம் முறை ஜேபெக் கோப்பை அப்படியே ஏற்கும். ஆகவே வெஸ்டெர்ம் வைத்திருப்பவர்கள், சுருக்கிய ஜேபெக்கை இம்ஜ்கேட் ஸ்கிரிப்ட் வழியாக அனுப்பிப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஒவ்வொன்றாகப் பார்க்காமல் டிம்ஜ் என்ற கருவியில் ஹைபன் ஹைபன் கிரிட் கொடுத்துப் பல படங்களை ஒரே திரையில் அடுக்கியும் பார்க்கலாம். முதல் சுற்றுப் பிரிப்புக்கு அது போதும்.

"படம் தெரியாம டவுன்லோட் ஆயிருது"

ஐடெர்ம் முறையில் இன்லைன் என்ற குறிப்பு 1 என்று இருந்தால்தான் படமாகக் காட்டும். இல்லாவிட்டால் கோப்பாக இறக்கிவிடும். நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் அந்தக் குறிப்பைச் சேருங்கள்.

"சர்வருக்குள்ள போனதும் டெர்மினலே தெரியாதுங்கு"

கிட்டி தன்னை எக்ஸ்டெர்ம்-கிட்டி என்று சொல்லிக்கொள்ளும். பழைய சர்வருக்கு அந்தப் பெயர் தெரியாது, அதனால் நானோ, லெஸ் போன்ற கருவிகள் சரியாக ஓடாது. எஸ்எஸ்ஹெச்சுக்குப் பதிலாகக் கிட்டன், இடைவெளி, எஸ்எஸ்ஹெச் என்று தட்டி உள்ளே போங்கள். தேவையான விவரத்தை அது தானே சர்வரில் வைத்துவிடும்.

"படம் பொடிசா வருது, இல்லைன்னா நசுங்கி வருது"

ஓர் எழுத்து எத்தனை புள்ளி என்று டெர்மினல் சொல்ல வேண்டும். வழியில் அந்தத் தகவல் தொலைந்து பூஜ்யமாகிவிட்டால் கருவி குத்துமதிப்பாக வரையும். சாஃபாவில் ஹைபன் எஸ் போட்டு அளவை நீங்களே கொடுங்கள். கட்ட எழுத்தில் நசுங்கினால் ஹைபன் ஹைபன் ஃபான்ட்-ரேஷியோவை மாற்றுங்கள். வழக்கமான மதிப்பு இரண்டில் ஒரு பங்கு, உங்கள் எழுத்துரு அகலமாக இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள்.

"படம் போகவே மாட்டேங்கு"

கிட்டியில் கிட்டன் ஐகேட், ஹைபன் ஹைபன் கிளியர். மற்றவற்றில் கிளியர் போதும், அடம்பிடித்தால் ரீசெட். ரேஞ்சர் போன்ற கோப்பு மேலாளரிலிருந்து வெளியே வந்தபிறகும் படம் மிதந்துகொண்டிருந்தால், அது டெர்மினல் வரைந்த படமே அல்ல. டபிள்யூ3எம் கருவியோ பழைய யூபர்சுக்கோ டெர்மினலுக்கு மேல் வரைந்தது. அவை லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11ஐ நம்பியவை, புதிய அமைப்பான வேலண்டில் சரிவராது, எஸ்எஸ்ஹெச் வழியாகவும் உதவாது. ரேஞ்சர் அமைப்பில் முன்காட்சி முறையை உங்கள் டெர்மினலின் பாஷைக்கு மாற்றுங்கள்.

"நாரை படுத்துக் கிடக்கு"

போன் கேமராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம். எந்தப் பக்கம் மேல் என்பது படக் கோப்புக்குள் கேமரா எழுதி வைக்கும் எக்ஸிஃப் குறிப்பில் மட்டும் இருக்கும், எல்லாக் கருவிகளும் அதைப் படிப்பதில்லை. சிறு பிரதி எடுக்கும்போதே கன்வர்ட்டில் ரீசைஸுக்கு முன்னால் ஹைபன் ஆட்டோ-ஓரியன்ட் சேர்த்துவிடுங்கள். மூலப் படத்தைத் தொடாதீர்கள், பிரதியை மட்டும் திருப்பினால் போதும்.